பதிப்பறிந்து கற்றல்

நூலொன்றைக் கையிலெடுப்பவர், அதன் பொருளினுட் புகுமுன், ஆக்கியோன் பெயரையும் உரைசெய்தார் பெயரையும் பதிப்பின் ஆண்டையும் நோக்குதல் தமிழ் கற்றோரிடத்து நெடுங்காலமாக நிலவிவரும் நல்வழக்கமாகும். இவ்வழக்கம் தமிழ்ப்பாட வேளையோடு முடிந்துவிடுதல் தகாதென்பதும், கணினித் தொழிலை நாடிச் செல்லும் எம் மாணவர்க்கு அது பிழைப்புக்கும் மதிப்புக்கும் உறுதுணையாமென்பதுமே யாம் இக்கட்டுரையிற் கூறப்புகுவன. தமிழாசிரியர்க்குக் கணினியில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். கருவி எதுவாயினும் அதனை விளக்க எழுந்தது நூலே. நூலென்றால் அதனைப் பதிப்பறிந்து கற்பித்தல் எம் தொழிலே. ஆதலின் நகைப்போர் நகைக்க, யாம் மேற்செல்வோம்.

பேரளவான நிறுவனங்களுக்குரிய மாபெருங் கணினிக்கும் மேசைமீது வைத்தாளும் சிறு கணினிக்கும் இடைப்பட்டதாய், வங்கி, காப்புறுதி, தொழிற்சாலை, பண்டசாலை முதலிய இடங்களிற் கணக்கும் இருப்பும் பேணும் பொறியை இடைத்தரக் கணினி என்பர். இவ்வினத்துட் பெரும்பெயர் பெற்றது ஏ.எஸ். 400 என்பது. ஐ.பி.எம். நிறுவனத்தார் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து றொச்செஸ்ரர் நகரில் இதனை உருவாக்கி, 1988 ஆம் ஆண்டு யூன் மாதம் 21 ஆம் நாள் உலகுக்கு அறிவித்தனர். 1978 இல் அறிவிக்கப்பட்ட சிஸ்ரம் 38 என்னும் பொறி இதற்கு முன்னோடி. இப்பொறியின் வழித்தோன்றல்கள் இன்றும் உலகின் பல நாடுகளில் ஓசையின்றிக் கணக்குப் பார்த்து வருகின்றன. இவற்றை இயக்கப் பழகிய மூத்தோர் ஓய்வுபெற்றுச் செல்கின்றமையால், இத்துறையில் இளைஞர்க்கு இடமுண்டு. அவ்விடத்தை எம் பிள்ளைகளும் பெறுதல் வேண்டும் என்பதே எமது அவா.

இப்பொறி தோன்றிய நாள்தொட்டுப் பெயர் பல பூண்டது. 2000 ஆம் ஆண்டில் ஐ சீரீஸ் எனவும், 2006 இல் சிஸ்ரம் ஐ எனவும் வழங்கி, 2008 இல் பவர் சிஸ்ரம்ஸ் என்னும் பொதுவரிசையுட் சேர்ந்தது. அதனை இயக்கும் பணிசெயல் முறைமையும் முதலில் ஓ.எஸ். 400 என்றும், 2004 முதல் ஐ 5 ஓ.எஸ். என்றும், 2008 முதல் ஐ.பி.எம். ஐ என்றும் பெயர் மாறிற்று. கந்தன், முருகன், வேலன், குமரன் எனப் பல பெயராற் போற்றினும் தெய்வம் ஒன்றேயென அறிந்த எம் மாணவர்க்கு இஃதொரு வியப்பன்று. ஆயினும் நூல் தேடுவார்க்கு இது பேரிடர். ஏ.எஸ். 400 என்னும் பெயரால் தேடுவார் கையில் அகப்படுவன பெரும்பாலும் அப்பெயர் வழங்கிய காலத்து ஏடுகளே. தொழிலிடத்து மூத்தோரோ இன்றும் அப்பழம் பெயரையே சொல்வர். புதிய நூல் புதுப்பெயரின்கீழ் இருக்கும். பெயரின் வரலாற்றை அறியாதவன் நூலின் வாயிலையே அறியான்.

இப்பொறியிற் பெரிதும் வழங்கும் செய்நிரல் மொழி ஆர்.பி.ஜி. என்பது. 1959 இல், ஐ.பி.எம். 1401 என்னும் கணினியில் அறிக்கை அச்சிடும் பணியை எளிதாக்கும் பொருட்டு இது பிறந்தது. சிஸ்ரம் 38 உடன் அதன் மூன்றாம் வடிவமும், 1994 இல் நான்காம் வடிவமும் தோன்றின. முற்காலத்தில் வரியின் ஒவ்வோர் உறுப்புக்கும் இடம் வரையறுக்கப்பட்டிருந்தது. மூன்றாம் வடிவிற் கணிப்பு வரியொன்றின் ஏவற்சொல் 28 ஆம் நிரலில் தொடங்குதல் வேண்டும். நான்காம் வடிவில் அவ்விடம் 26 ஆம் நிரலாயிற்று. இடம் பிறழ்ந்தால் தொகுப்பான் பிழையென்று தள்ளும். சீரும் தளையும் பிறழாத செய்யுள் போன்றது அந்நடை. 2001 இற் கணிப்பு வரிகளைக் கட்டின்றி எழுத இடமளிக்கப்பட்டது. 2013 இற் கோப்புக்களையும் மாறிகளையும் அறிவிக்கும் வரிகளும் அவ்விடுதலையைப் பெற்றன. 2015 இல் முதல் நிரலிலிருந்தே எழுதும் உரிமையுங் கிடைத்தது. செய்யுள் உரைநடையான வரலாறு என இதனைக் கூறலாம். அக்கட்டற்ற நடையிற் பழைய ஏவற்சொற்கள் சில செல்லா. 'மூவ்' என்பதும் 'கோ டு' என்பதும் அங்கே இடமிழந்தன.

இங்கே உற்றுநோக்கத் தக்கது ஒன்றுண்டு. பணிசெயல் முறைமையின் 7.1 ஆம் பதிப்பு 2010 இல் வெளிவந்தது. யாம் மேலே கூறிய 2013 ஆம் ஆண்டு மாற்றமோ புதிய பதிப்பொன்றோடு வந்ததன்று. அப்பதிப்பினுள்ளேயே, இடையில் அளிக்கப்பட்ட திருத்தத் தொகுதியினால் வந்தது. ஆகவே 2010 இல் வெளியான 7.1 ஆம் பதிப்பின் நூலைப் பேணிவைத்திருப்பவர், தமது பொறிக்குரிய நூல் தம்மிடம் உண்டென உறுதியாக நம்புவார். அட்டையில் உள்ள எண்ணும் பொறியின் எண்ணும் ஒன்றே. எனினும் அம்மாற்றம் அந்நூலில் இராது. பதிப்பெண் ஒத்திருத்தலே போதாது. திருத்தமும் ஒத்திருத்தல் வேண்டும்.

நூல்கள் இருக்கும் இடமும் நிலைத்ததன்று. முதலில் அவை கனத்த அட்டைக் கோவைகளில் அச்சேடுகளாய் வந்தன. பின்னர் இறுவட்டில் அடங்கின. அதன்பின் இணையத்தில் தகவல் நிலையம், அறிவு நிலையம், ஆவணம் எனப் பொருள்படும் பெயர்களோடு அடுத்தடுத்துத் தளம் மாறின. மாற்றந்தோறும் பழைய முகவரிகள் பல பயனற்றுப் போயின. முன்னாளில் ஒருவர் நாட்குறிப்பில் எழுதிவைத்த முகவரி, இன்று அவரை ஆளில்லா வீட்டின் படலையில் நிறுத்திவிடும்.

ஆர்.பி.ஜி. மொழிக்குத் தலைமையான நூல்கள் இரண்டு. ஒன்று எஸ்.சி. 09-2508 என்னும் எண்ணுடைய மேற்கோள் நூல், மற்றையது எஸ்.சி. 09-2507 என்னும் எண்ணுடைய வழிகாட்டி. முன்னது சூத்திரம் போன்று ஒவ்வோர் ஏவற்சொல்லுக்கும் விதியும் விலக்கும் வரையறுப்பது. பின்னது விருத்தியுரை போன்று, செய்நிரலை எழுதித் தொகுத்துப் பிழைநீக்கும் வழியை விரித்துரைப்பது. அவ்வெண்களின் இறுதியில் மேலும் ஈரிலக்கந் தொடுக்கப்படும். எத்தனையாவது பதிப்பு என்பதை அது காட்டும். அட்டையில் மிகச் சிறிதாய் அமைந்த அவ்வீரிலக்கத்தை நோக்குவார் சிலரே.

தமிழ் மாணவர்க்கு இது புதுமையாகத் தோன்றலாகாது. பவணந்தி முனிவர் அருளிய நன்னூல் ஒன்றே. அதற்கு மயிலைநாதர் உரைசெய்தார்; பின்வந்த சங்கரநமச்சிவாயர் வேறுரை செய்தார்; அவருரையைச் சிவஞான முனிவர் திருத்தி விளக்கினார்; நல்லூர் ஆறுமுகநாவலர் மாணாக்கர்க்கெனக் காண்டிகையுரை கண்டார். நூல் ஒன்றாயினும் உரை காலந்தோறும் புதுக்கப்பட்டது. 'நன்னூலில் அவ்வாறு உள்ளது' என்று மட்டுங் கூறும் மாணவனை நல்லாசிரியர் விடார், 'எவ்வுரையில்?' என்பார். அவ்வொரு வினாவே கணினி நூலுக்கும் வேண்டப்படுவது.

இனி எம் நிலத்துக்கு வருவோம். 'குறிப்பு' என்னுஞ் சொல்லுக்கு வன்னி மாணவரிடத்து உள்ள மதிப்புப் பிறவிடத்தார்க்கு எளிதில் விளங்காது. 1990 ஆம் ஆண்டளவிலிருந்து பல்லாண்டுகள் இந்நிலத்தின் பெரும்பகுதி பொது மின்னிணைப்பின்றி இருந்தது. மின்கலமும் எரிபொருளும் தடைப்பட்டியலில் இருந்த காலம் அது. குப்பிவிளக்கின் ஒளியிற் கற்றோர் இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவருட் பலர். ஒரு பாடநூல் ஒன்பதின்மர் கைமாறும். கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த குறிப்பொன்றை ஆசிரியர் கரும்பலகையில் எழுத, மாணவர் பார்த்தெழுதுவர். தாளும் மையுங் கிடைத்த நாளில் றோணியோப் பிரதி எடுக்கப்படும். இடம்பெயர்ந்த காலங்களில், பாத்திரம் பண்டங்களை விட்டுச் சென்றோரும் பிள்ளையின் குறிப்புக்கொப்பியை விட்டுச் சென்றிலர். 2009 ஆம் ஆண்டு மே மாதத்திற் போர் முடிவுற்று மக்கள் ஊர்திரும்பியபோது, பள்ளிகளின் நூலகங்கள் பல வெறுஞ் சுவராய் நின்றன.

இவ்வாறு வாழ்ந்தோர் கிடைத்த தாளைக் கண்ணெனக் காத்தலும், அதிலுள்ளதை ஐயமின்றி மனனஞ் செய்தலும் இயல்பேயாம். அது பற்றாக்குறைக் காலத்து அறம். அதனை யாம் குறைகூறோம். அவ்வறமே எம்மைப் பரீட்சை மண்டபம்வரை கொண்டுசேர்த்தது. ஆனால் திரிகோணக் கணிதத்தின் வாய்பாடு ஐம்பதாண்டுக்குப் பின்னும் அதுவே. கணினியின் விதி அத்தகையதன்று. பொருள் மாறாத பாடத்திற் காப்பாய் இருந்த பழக்கம், பொருள் மாறிக்கொண்டிருக்கும் பாடத்தில் விலங்காகின்றது. தாளைக் காக்கப் பழகிய யாம், தாளின் நாளைக் கேட்கப் பழகவில்லை. இன்று எம் கல்விக்கு உள்ள பெருங்குறைகளுள் இஃதொன்று என்பது எமது துணிபு.

உயர்தரம் முடித்து வெளிச்சென்ற மாணவன் ஒருவன், தனியார் வகுப்பொன்றிற் பெற்ற கணினிக் குறிப்பேட்டை எம்மிடங் கொணர்ந்தான். அதிலுள்ள ஆங்கிலத் தொடர்கள் சிலவற்றுக்குப் பொருள் கேட்பது அவன் நோக்கம். நாற்பது பக்கங்கள், நிழற்பிரதியின் நிழற்பிரதி, ஓரங்களில் எழுத்துத் தேய்ந்திருந்தது. ஏவற்சொல் 28 ஆம் நிரலில் தொடங்குதல் வேண்டும் என்னும் விதி அதில் அடிக்கோடிடப்பட்டிருந்தது. ஆக்கியோன் பெயரில்லை, ஆண்டில்லை, எப்பதிப்புக்குரியது என்னுங் குறிப்புமில்லை. அவனோ அவ்வேட்டைத் தேவாரம்போற் பாராமல் ஒப்புவிக்க வல்லனாயிருந்தான். தொழிலுக்கான நேர்முகப் பரீட்சையிற் கட்டற்ற நடையிற் பத்து வரி எழுதுமாறு பணித்தபோது, அந்நடை உண்டென்பதையே தான் அறிந்திருக்கவில்லை என்றான். அவன் சோம்பலுடையவனல்லன், அறிவிற் குறைந்தவனுமல்லன். ஒராண்டு உழைப்பு முழுவதும் காலங்கடந்த ஏட்டின்மேற் செலவாயிற்று. அவன் தந்தையார் அவ்வகுப்புக்கு நெல் விற்றுப் பணங்கட்டியவர்.

இக்கேடு வேலை தேடும் ஒருவனோடு நிற்பதன்று. நாளைக் குறிக்கும் முறையை நோக்குக. ஆண்டை ஈரிலக்கத்தால் எழுதும் நாள் வடிவங்களை இப்பொறி நெடுங்காலமாக 1940 முதல் 2039 வரையுள்ள நூறாண்டுக்குரியனவாகவே கொண்டுவந்தது. 39 எனில் 2039. 40 எனில் 1940. பழங்குறிப்பைப் பார்த்து ஈரிலக்க வடிவில் எழுதப்பட்ட செய்நிரல் ஒன்று, 2025 இல் இருபதாண்டுத் தவணைக்கு வழங்கிய வீட்டுக்கடன் 2045 இல் முடிவதை எவ்வாறு கொள்ளும்? 1945 எனக் கொள்ளும். அன்றேற் பிழையென நின்றுவிடும். கடன் பெற்ற கமக்காரர் பிறக்குமுன்னரே அவரது தவணை கடந்துவிட்டதாகக் கணக்கு எழும். ஆண்டை நாலிலக்கத்தால் எழுதும் நாள் வடிவங்கள் 1994 இல் தோன்றிய நான்காம் வடிவில் உள்ளன. ஈரிலக்க எல்லையை 1970 முதல் 2069 வரையென நகர்த்தும் ஏற்பாடும் அண்மைக்காலப் பதிப்புக்களுக்கு வந்துள்ளது. ஆகவே '45 என்பது எந்த ஆண்டு?' என்னும் வினாவுக்கு எங்கும் பொருந்தும் விடை ஒன்றில்லை. எப்பதிப்பு, எத்திருத்தம், எவ்வமைப்பு என்றறிந்தே விடை கூறல் வேண்டும்.

இதனை விளக்க வேற்றுநாட்டு உவமை வேண்டா. எம் இரணைமடுக் குளத்தின் கொள்மட்டம் முன்னர் 34 அடி. புனரமைப்பின்பின் 36 அடி. 34 என்றெழுதிய பழைய ஏட்டைக்கொண்டு இன்றைய குளத்தின் வான்கதவைத் திறக்க முற்படுபவரும், 36 என்றெழுதிய ஏட்டைக்கொண்டு அன்றைய அணையில் நீரைத் தேக்க முற்படுபவரும் ஒருபடியே பிழைசெய்வர். முன்னவர் வயலுக்குரிய நீரை வீணாக்குவர். பின்னவர் ஊரையே வெள்ளத்திற்கு உள்ளாக்குவர். ஏடும் பொய்யன்று, அணையும் பொய்யன்று. ஒன்றற்கொன்று உரியனவல்லாதவற்றை ஒருங்கு சேர்த்தமையே குற்றம்.

அங்ஙனமாயிற் பழைய நூல்களையெல்லாம் எறிந்துவிடலாமோ எனின், அது அதனினும் பெரும்பிழை. 1995 இல் ஏ.எஸ். 400 பொறியின் உள்ளமைப்பு 48 பிட் வகையிலிருந்து 64 பிட் வகைக்கு மாறியபோது, பழைய செய்நிரல்கள், அவற்றுக்குரிய உட்குறிப்புக்கள் நீக்கப்படாதிருந்தவிடத்து, மீள எழுதப்படாமலே புதிய பொறிக்கு மாற்றப்பட்டு இயங்கின. இது இவ்வினத்தின் தனிச்சிறப்பு. ஆதலின் 1980 களில் எழுதிய செய்நிரலொன்று இன்றும் எங்கோ ஒரு பண்டசாலையின் இருப்பை எண்ணிக்கொண்டிருத்தல் கூடும். அதனைத் திருத்தப் புகுவார்க்குப் பழைய நூலே கைவிளக்கு. சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கி, வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். பழையதென்று ஒன்றையும் எறிந்திலர். கிடைத்ததென்று ஒன்றையும் ஆராயாது ஏற்றிலர். அவ்விரண்டுஞ் சேர்ந்ததே பதிப்பறிவு. பழைய நூல் பழைய செய்நிரலுக்கு. புதிய நூல் புதிய செய்நிரலுக்கு. இரண்டின்மீதும் ஆண்டு எழுதப்பட்டிருத்தல் வேண்டும். யாம் வேண்டுவது இவ்வளவே.

இளையோர் ஒரு தடை எழுப்புவர். இணையத்தில் தட்டினால் யாவும் வருமே. செயற்கை நுண்ணறிவை வினாவினால் நொடியில் எழுதித் தருமே. நூலை ஏன் தேடவேண்டும் என்பர். அவற்றின் பயனை யாம் மறுக்கவில்லை. எம் மாணவர் பலர் அவற்றால் நன்மை பெறுகின்றனர். ஆயினும் பல காலத்து ஏடுகளைக் கற்று விடை கூறும் அவை, வெவ்வேறு பதிப்புக்களின் விதிகளை ஒன்றாய்க் கலந்து, தயக்கமற்ற ஒரே குரலிற் கூறுதல் உண்டு. எந்நூல், எப்பதிப்பு, எவ்விடம் என மீளவினாவி, அவ்விடத்தைத் தானே திறந்து நோக்குபவனுக்கு அவை நல்ல துணைவர். நோக்காதவனுக்கு அவை மேற்கூறிய நாற்பது பக்கக் குறிப்பேட்டின் மறுபிறப்பே. தாள் மட்டும் தேயாது.

உரிய நூலைக் காணும் வழிதான் யாது? முதற்கண் கருவியை வினாவுக. பணிசெயல் முறைமையின் பதிப்பெண்ணும், நிறுவப்பட்ட மென்பொருள்களின் பட்டியலும், ஏற்றப்பட்ட திருத்தங்களின் பட்டியலும் அதன் திரையிலேயே காணக்கிடைக்கும். 2014 இல் 7.2, 2016 இல் 7.3, 2019 இல் 7.4, 2022 இல் 7.5, 2025 இல் 7.6 எனப் பதிப்புக்கள் வந்துள்ளன. தொழிலிடத்தில் இருப்பது இவற்றுள் எதுவாயினும் ஆகலாம். 7.3 ஆம் பதிப்புக்கான வழமையான ஆதரவு 2023 செப்ரெம்பர் 30 உடன் நிறைவுற்றது. ஆதரவு முடிந்ததென்று பொறி நின்றுவிடுவதில்லை. ஆதலின் உலகிற் புதியது எது என்பதன்று வினா. எம்முன் உள்ளதற்கு உரியது எது என்பதே வினா.

அடுத்து, ஆக்கிய நிறுவனத்தாரின் ஆவணத் தளத்தில் அப்பதிப்பெண்ணைத் தெரிந்தெடுத்த பின்னரே படிக்கத் தொடங்குக. நூலின் தொடக்கத்திலுள்ள 'புதியன யாவை' என்னும் பகுதியைக் கடந்து செல்லற்க. எது எப்பதிப்பில் வந்தது என்பதை அது நிரல்படக் கூறும். பதிப்பு மாறும் வேளையில், 'பயனருக்கான குறிப்பாணை' எனப் பொருள்படும் தனியேட்டைப் படிக்க. முன்னர் இயங்கியவற்றுள் இனி எவை மாறுபடும் என அஃது எச்சரிக்கும். பொறியின் முன்னிருக்கும்போது, கட்டளையொன்றின்மீது நின்று எஃப் 1 விசையை அழுத்துக. திரையில் தோன்றும் விளக்கம் அப்பொறியோடு கூடவே நிறுவப்பட்டதாதலின், பெரும்பாலும் அப்பொறிக்குப் பொருந்தியிருக்கும். இணையம் நிலையற்ற ஊர்களில் வாழ்வோர், உரிய நூலைக் கோப்பாக இறக்கி, இறக்கிய நாளையும் பதிப்பெண்ணையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்க.

இந்நூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. தமிழ்வழிக் கற்ற எம் பிள்ளைகள் அதனாலேயே அவற்றை அணுக அஞ்சி, யாரோ சுருக்கிய குறிப்பை நாடுகின்றனர். அவற்றைத் தமிழாக்கினால் என்ன என்று தமிழன்பர் கேட்பர். மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் அவர்கள் மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தமிழ்ப்படுத்திய தொண்டு என்றும் போற்றத்தக்கது. மனிதனின் எலும்புகள் இரண்டாண்டுக்கொருமுறை எண்ணிக்கை மாறுவனவல்ல. செய்நிரல் நூலோ மொழிபெயர்ப்பு அச்சேறுமுன் பழையதாகிவிடும். பழையதான தமிழ்நூல் பழையதான ஆங்கிலக் குறிப்பினும் கூடுதலாக நம்பப்பட்டுக் கூடுதலாகத் தீங்கு செய்யும். ஆதலின், தமிழாசிரியராய் இருந்தும், மேற்கோள் நூலைத் தமிழாக்க வேண்டா என்கின்றோம். அதனைப் படிக்கும் முறையைத் தமிழில் எழுதுவோம். நூலின் உறுப்புக்கள் யாவை, விதி எங்கே, விலக்கு எங்கே, எடுத்துக்காட்டு எங்கே, பதிப்பெண் எங்கே என விளக்கும் சிறுநூலொன்று நீண்டகாலம் பயன்தரும். கலைச்சொற்களும் அதில் வேண்டும். இலங்கைப் பாடநூல் பணிசெயல் முறைமை என்பதனைத் தமிழ்நாட்டார் இயக்குதளம் என்பர். இரண்டையும் ஆங்கிலச் சொல்லோடு அருகருகே வைத்தால் மாணவன் மயங்கான்.

பழைய மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். 2009 இன் பின்னர் எம்மூர்ப் பள்ளிகளுக்குக் கணினிகளையும் நூல்களையும் அன்போடு அனுப்பியோர் உள்நாட்டிலும் புலம்பெயர்ந்த நாடுகளிலும் பலர். அவர்தம் ஈகையை யாம் மறவோம். ஆயினும் தம் தொழிலிடத்திற் கழிக்கப்பட்ட கணினி நூல்களைப் பெட்டியிலிட்டு அனுப்புமுன், ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் இஃது இன்ன பதிப்புக்குரியது, இன்ன ஆண்டுவரை யாம் பயன்படுத்தியது என ஒருவரி எழுதுக. அவ்வொரு வரி நூலின் விலையினும் பெறுமதியுடையது. வங்கியிலும் காப்புறுதியிலும் இத்தகைய பொறிகளோடு பணியாற்றுவோர், ஆண்டுக்கொருநாள் வந்து, மேற்கோள் நூலின் ஒரு பக்கத்தை மாணவரோடிருந்து படித்துக்காட்டுக. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் உண்டு. 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமாய் உயர்ந்த வவுனியாப் பல்கலைக்கழகமும் அருகிலேயே உண்டு. அங்குப் பயிலும் எம் முன்னாள் மாணவர் இப்பணிக்கு வேண்டிய கைகளைத் தருவர்.

உடனாசிரியர்க்கும் ஒன்று கூறுவோம். வகுப்பில் யாம் வழங்கும் ஒவ்வொரு குறிப்பின் தலைப்பிலும் எழுதியவர் பெயர், எழுதிய நாள், மூலநூல், அதன் பதிப்பு ஆகிய நான்கும் இருத்தல் வேண்டும். இந்நான்குமில்லாத தாளை மாணவன் ஏற்க மறுப்பானாயின், அதனை அடங்காமை எனக் கொள்ளாது கல்வியின் பயனெனக் கொள்வோமாக. நூலகத்தில் ஒரு தட்டைக் கணினி நூல்களுக்கென ஒதுக்கி, பழையனவும் புதியனவும் ஆண்டு முறையில் நிற்கச் செய்வோம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. சிவப்பு மையும் சிறிது நேரமும் போதும்.

மாணவச் செல்வங்களே, பற்றாக்குறைக் காலத்தில் உங்கள் பெற்றோர் கிடைத்த தாளைக் காத்துக் கற்றனர். அவர்தம் உறுதியை நீங்களும் பெறுக. அவர்க்குக் கிட்டாத ஒரு வாய்ப்பையும் கூடவே பயன்கொள்க. கையில் வந்த தாளை நோக்கி, நீ எக்காலத்தது, எக்கருவிக்குரியது என வினாவும் வாய்ப்பு அது. அவ்வினாவைத் துணிந்து வினாவும் பிள்ளைக்கு வன்னி என்றும் கொழும்பு என்றும் வேறுபாடில்லை. மூலநூல் இருவர்க்கும் ஒன்றே.